நெடி வராத மிளகாய்

உக்காரு தாயி, சீட்டு காலிதான். பையை மடியிலயே வச்சுக்க, மேல வைக்காத. மேல வச்சா எந்த ஊர்ல எவன் தூக்கிட்டு இறங்குவான்னு சொல்ல முடியாது. நான் பதினாலு வருஷம் வெளிநாட்டுல இருந்தவ. ஒரு பை தொலைச்சதில்ல. யாரையும் நம்பினதில்ல, அதான்.

என்ன பாக்குற? போன்ல ஓடுற பாட்டா? என்ன பாஷைன்னா கேக்குற? எதுக்குக் கேக்குற? சும்மாவா? சும்மா யாரும் எதையும் கேக்க மாட்டாக தாயி. சரி, உன் முகத்துல கள்ளம் தெரியல. தெரியலேன்னுதான் சொல்றேன், இல்லைன்னு சொல்லல.

கிரேக்க பாஷை. பாடப் புத்தகத்துல படிச்சிருப்பியே, அந்த கிரேக்க நாடு. பாடுறவ பேரு ஃபோத்தினி. அந்த ஊர்ல போயி அவ பேரைச் சொன்னா டாக்சிக்காரன் பாதிப் பாட்டைப் பாடிட்டுத்தான் வண்டியை எடுப்பான். அவ வீட்டுலதான் நான் இருந்தேன். சமையல், துணிமணி, மேடைக்குப் போறப்ப முதுகுப் பக்கம் ஊக்கு மாட்டுறது, தொண்டைக்கு வெந்நீர் வச்சுக் குடுக்கிறது எல்லாம் நான்தான். பூரணம் பூரணம்னு உசுர விடுவா. அவ வாயில அது 'பூரானா'ன்னு வரும். நம்ம ஊர்ல கேட்டா சிரிப்பாக.

ஏன் மூக்கைப் பொத்துற? என் மேல ஏதும் நாத்தமா? காலையிலதான் தலைக்கு ஊத்திட்டு வந்தேன். ஓ, பின் சீட்டுல கருவாட்டு மூட்டையா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. நீ ரொம்பச் செல்லமா வளர்ந்த புள்ள போல.

அவ கதையைச் சொல்றேன் கேளு. அவ அப்பன் ஒரு சின்னத் தீவுல படகு ஓட்டினவன். ரெண்டு பொண்ணு. மூத்தவ ஸ்தமாத்தா, இளையவ இவ. ஸ்தமாத்தா பேரை நல்லா ஞாபகம் வச்சுக்க, அவதான் எல்லாத்துக்கும் காரணம். பதினேழு வயசுல இவ கப்பலேறி ஏதென்ஸுக்கு வந்தா. ரொட்டிக் கடையில வேலை. மாவு பிசைஞ்சுகிட்டே பாடுவாளாம். கடைக்கு ரொட்டி வாங்க வந்தவன் ஒருத்தன் அதைக் கேட்டுட்டு நின்னான். ஆர்கீரிஸுன்னு பேரு, பாட்டுக்கு மெட்டுப் போடுறவன். கப்பலுக்குக் கையாட்டிட்டு நிக்கிற ஒரு பொம்பளையைப் பத்தி ஒரு பாட்டு எழுதி இவளைப் பாட வச்சான். அவ்வளவுதான். அந்த வருஷம் கல்யாணம், காதுகுத்துன்னு நம்ம ஊர்ல குழாய் கட்டிப் பாட்டுப் போடுவாகல்ல, அது மாதிரி நாடு பூரா அந்தப் பாட்டுதான். அங்க காதுகுத்து கிடையாது, ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

அங்க பாடுற இடத்துல ஒரு வழக்கம் உண்டு. சனங்க பாட்டுக்காரிமேல பூவை அள்ளி வீசுவாக. தட்டுத் தட்டா பூ விக்கும். முழங்கால் வரைக்கும் பூ கெடக்கும், இவ அதுக்குள்ள நின்னு பாடுவா. முத தடவை பாத்தப்ப எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. பூவைப் போடுறவன் சும்மாவா போடுறான்? கண்ணையும் சேத்துல்ல போடுறான்.

அவளுக்கும் அந்த நம்பிக்கை உண்டு. நம்மளை மாதிரியேதான் அங்கயும். கண்ணு பட்டுடும்னு நீலக் கண்ணு மணி கட்டிக்குவாக. குழந்தை அழகா இருக்குன்னு சொன்னா உடனே த்தூ த்தூ த்தூன்னு மூணு தடவை துப்பணும். அதனாலதான் எனக்கு அந்த ஊரு பிடிச்சுது. நான் முதல்ல சைப்ரஸுல இவ புருஷன் வீட்டுக்குத்தான் வேலைக்குப் போனேன். புருஷனுக்கும் இவளுக்கும் ஆகலைன்னு பிரிஞ்சு போறப்ப, இந்த வீட்டுல இருந்து எனக்கு ஒரு பொருளும் வேணாம், பூரணம் மட்டும் போதும்னுட்டு என்னைக் காகிதமெல்லாம் போட்டு ஏதென்ஸுக்குக் கூட்டிட்டு வந்துட்டா. கேக்க எப்படி இருக்கு பாத்தியா? பெத்த மகன்கூட என்னை அப்படிச் சொன்னதில்ல.

அதனால நான் அவளுக்குச் சுத்திப் போட ஆரம்பிச்சேன். நம்ம வழக்கம் உனக்குத் தெரியும்ல? உப்பு, கடுகு, காஞ்ச மிளகாய் எடுத்துத் தலையைச் சுத்தி நெருப்புல போடணும். நெடி வந்து தும்மினா கண்ணு இல்லைன்னு அர்த்தம். நெடி வரலேன்னா பெரிய கண்ணு, மிளகாய் அதைத் தின்னுடுச்சுன்னு அர்த்தம். மிளகாய் வங்காளிக்காரன் கடையில கிடைக்கும். நெருப்புக்குக் கவலையே இல்ல, சாமிக்குச் சாம்பிராணி போடுற கரித்துண்டு அங்க எல்லா வீட்டுலயும் இருக்கும். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான் போடுவேன். நெடி வீடு தாங்காது. அவ இருமிக்கிட்டே சிரிப்பா. சரி, கண்ணு இல்லைன்னு விட்டுடுவேன்.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்துச்சே, உலகமே கதவைச் சாத்துன வருஷம். எங்க ரெண்டு பேருக்கும் வந்துச்சு. அவளுக்கு இருமல், எனக்கு மூக்கு. காப்பியைக் குடிச்சா சுடுதண்ணி மாதிரி. மிளகாயைக் கடிச்சா உறைக்காது. அப்புறம் சரியாப் போச்சு. சரியாப் போச்சுன்னுதான் நினைக்கிறேன். பசிக்குது, திங்கிறேன், அதுக்கு மேல என்ன வேணும்.

கதவையெல்லாம் திறந்து மறுபடி பாட்டு ஆரம்பிச்ச அன்னிக்கு, நல்லா இருக்கட்டும்னு சுத்திப் போட்டேன். மூணு மிளகாய். நெடி வரல. அஞ்சு போட்டேன். வரல. ஒம்பது போட்டேன். ம்ஹூம். அத்தனை வருஷத்துல இப்படி ஆனதே இல்ல. அவ கட்டில்ல இருந்து எந்திரிச்சு உக்காந்து இருமுறா, கண்ணெல்லாம் தண்ணி. எரியுது பூரானாங்கிறா. எரியட்டும், எரியறது உன் தொண்டை இல்ல, அடுத்தவன் பொறாமைன்னு சொன்னேன். கண்ணு மறுபடி உள்ள வந்துடக் கூடாதுன்னு சன்னலையும் சாத்திட்டேன்.

அன்னையில இருந்து அவ குரல் மாறிப் போச்சு. மேல போறப்ப பிசிறு தட்டுச்சு. அப்ப நான் நினைச்சது சரிதானே? யாரோ பக்கத்துலயே இருந்து கண்ணு வச்சிருக்காக. வெளியாளு கண்ணு ஒரு தடவையில போயிடும். கூடவே இருக்கிறவ கண்ணுதான் போகாது. யாருன்னு பாக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல ஆர்கீரிஸ். வாராவாரம் வருவான், கண்ணாடியைத் தூக்கி நெத்தியில வச்சுகிட்டு, இந்த மாதிரி ஒரு குரல் கடவுள் ரெண்டாவது பண்ணலைம்பான். சொல்லிட்டு ஒரு தடவையாச்சும் துப்புவானா? மாட்டான். அப்புறம் ஒரு நாள் காப்பிக் கடையில ஒரு சின்னப் பொண்ணோட உக்காந்து அவளைப் பாட விட்டுக் கேட்டுகிட்டு இருக்கான், என் கண்ணால பாத்தேன். வந்து சொன்னேன். உனக்குப் பதிலா ஆளு தயார் பண்ணிட்டான்னு. ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. முப்பது வருஷப் பழக்கம், கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனான். அந்தப் பொண்ணு அவன் தங்கச்சி மகளாம், பள்ளிக்கூட விழாவுக்குச் சொல்லிக் குடுத்தானாம். அப்படின்னு சொன்னாக. யாரு கண்டா?

அவன் போயும் குரல் தேறல. டாக்டரு தொண்டைக்குள்ள குழாய் விட்டுப் பாத்துட்டு, புகையால வந்ததுன்னுட்டாரு. நான்தான் எத்தனை வருஷமா சொல்றேன், சிகரெட்டை விடுன்னு! விட்டா. பாவம், நகத்தைக் கடிச்சுகிட்டு, சூயிங்கம்மை மென்னுகிட்டு, தினம் என் மடியில தலையை வச்சு அழுதுகிட்டு, ஆனா விட்டுட்டா. விட்டும் குரல் மோசமாத்தான் போச்சு. அப்பவே தெரிய வேணாமா டாக்டருக்கு ஒண்ணும் தெரியலைன்னு? குரல் பிசிறு தட்டுனதுல இருந்து வாரத்துக்கு ஒரு தடவை போட்டுகிட்டு இருந்தேன், அதை மூணு தடவையாக்கினேன்.

அடுத்தது ஸ்தமாத்தா. தங்கச்சிக்கு முடியலைன்னு தீவுல இருந்து வந்து ஒரு மாசம் உக்காந்தா. அவளும் கண்ணு எடுக்கிறவ. அவக முறை வேற. தட்டுல தண்ணியை வச்சு, மந்திரம் முணுமுணுத்து எண்ணெய் சொட்டு விடணும். எண்ணெய் கரைஞ்சா கண்ணு இருக்கு, மிதந்தா இல்ல. விட்டா. மிதந்துச்சு. கண்ணே கிடையாதுன்னுட்டா! எனக்கு இருவத்தொரு மிளகாய்க்கு நெடி வரல, இவளுக்கு எண்ணெய் மிதக்குதாம். ரெண்டுல ஒண்ணு பொய்தானே? யாரு பொய் சொல்றவ? கூடப் பொறந்து, தங்கச்சி மேடையில நிக்கிறதைக் கீழ நின்னு முப்பது வருஷம் பாத்தவளா, கூலிக்கு வந்த நானா?

இன்னொண்ணு பாத்தேன். நான் கரியைப் பத்த வச்சா அவ எந்திரிச்சு வெளிய ஓடிடுவா. சீலையை, அங்க சீலை இல்ல, ஒரு துணியை மூக்குல வச்சுகிட்டு வாசல்ல நின்னு கத்துவா. இவளை நிறுத்தச் சொல்லு, இல்ல நீ செத்துப் போவேன்னு. கெட்டது பண்ணினவளாலதான் திருஷ்டிப் புகையில நிக்க முடியாதும்பாக. நான் நிக்கிறேன்ல? தொண்டையில லேசா கமறும், அது வயசு. ஃபோத்தினிகிட்ட சொன்னேன், உன் அக்கா அடுப்படியில நின்னு போன்ல பேசுறதைக் கேட்டேன், இவ தொண்டை முடிஞ்சு போச்சுன்னு சொல்றான்னு. சொன்னது நெசம். அழுதுகிட்டே சொன்னா. அதை நான் சேத்துச் சொல்லல. அழுகையை எப்படித் தாயி எடுத்துச் சொல்றது?

அக்காளையும் அனுப்பியாச்சு. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான்.

அப்பத்தான் தீவுல இருந்து கூப்பிட்டாக. ஆகஸ்ட் பதினஞ்சு மாதா திருவிழா, கோயில் திடல்ல வந்து பாடணும்னு. சொந்த ஊரு. அவ போயிப் பாடிப் பன்னண்டு வருஷம் ஆச்சு. வேற எங்க குரல் போனாலும் பரவால்ல பூரானா, அங்க மட்டும் போகக் கூடாதுன்னு என் ரெண்டு கையையும் பிடிச்சுகிட்டா. எனக்கு உசுரே போச்சு. பத்து நாள் முன்னாடியே கப்பலேறிப் போயி ஓட்டல்ல தங்கினோம். அந்த ரூம்ல மோட்டுவளையில ஒரு பொட்டு மாதிரி மெஷினு, புகை பட்டா ஓட்டல் பூராவும் கத்துமாம். என்னால ஒண்ணும் செய்ய முடியல. கை கட்டுன மாதிரி இருந்துச்சு.

அஞ்சாம் நாள் காலையில நான் அவ துணியை மடிச்சுகிட்டு இருக்கேன், பால்கனியில பாட்டுச் சத்தம். ரேடியோன்னு நினைச்சேன். போயிப் பாத்தா இவ. கம்பியைப் பிடிச்சுகிட்டு, கடலைப் பாத்து, அந்தக் கப்பல் பாட்டு. பிசிறு இல்ல, ஒண்ணு இல்ல. ரொட்டிக் கடையில பாடுன குரல் இப்படித்தான் இருந்திருக்கும். நான் துணியைப் போட்டுட்டு அழுதுட்டேன். அவ என்னைக் கட்டிக்கிட்டு சுத்துறா, சின்னப் புள்ள மாதிரி. மாதா குடுத்ததுன்னு அவ சொன்னா. அக்கா கண்ணு படாத தூரம்னு நான் சொன்னேன். ஸ்தமாத்தா வீடு அங்க இருந்து நாலு தெரு தள்ளித்தான். ஆனா பேச்சு வார்த்தை இல்லையே.

திருவிழா அன்னிக்குப் பாக்கணும் நீ. தீவே திடல்ல நிக்குது. கப்பல் கப்பலா சனம். எல்லார் கண்ணும் இவ மேல. வந்த குரலை மறுபடி பறிகொடுக்க நான் சம்மதிப்பேனா? சாயங்காலம் நாலு மணிக்கு அவளைக் கோயில் சமையக்கட்டுக்குப் பக்கத்து ரூம்ல உக்கார வச்சிருந்தாக. சமையக்கட்டுல விருந்துக்கு ஆட்டுக்கறி வெந்துகிட்டு இருக்கு, கரி கனிஞ்சு கெடக்கு. நான் நாலு மாசத்துக்குன்னு வாங்கி வச்சிருந்த மிளகாய் பூராவும் பையில இருந்துச்சு. அவளை அங்க கூட்டிட்டுப் போயி, கதவைச் சாத்திட்டு, மூணு சுத்துச் சுத்தி அம்புட்டையும் கரியில போட்டேன்.

நெடி வரல தாயி. ஒரு பொட்டு வரல.

ஆனா அந்தச் சமையக்கட்டுல இருந்த பொம்பளைக பூராவும் கதறிகிட்டு வெளிய ஓடுறாக. ஒருத்தி கரண்டியோட ஓடுறா, ஒருத்தி வாந்தி எடுக்கிறா. நான் ஒருத்திதான் கல்லு மாதிரி நின்னேன். அப்பவும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அம்புட்டுப் பேரும் கள்ளின்னு தோணுச்சு.

ஏழு மணிக்கு மேடை. முத பாட்டு எப்படியோ ஒப்பேத்திட்டா. ரெண்டாவது அந்தக் கப்பல் பாட்டு. பாதியில வாயைத் திறக்கிறா, காத்துதான் வருது. அவ கையை வாயில வச்சுகிட்டு நிக்கிறா. அப்புறம் முன்னாடி உக்காந்திருந்த கெழவிக ரெண்டு பேரு அந்தப் பாட்டை விட்ட இடத்துல இருந்து பாடுனாக. அப்புறம் எல்லாரும். ஊரே அவளுக்காகப் பாடுது, அவ அதைக் கேட்டுகிட்டு நிக்கிறா. ஸ்தமாத்தா மேடையேறி வந்து அவளைப் பிடிச்சுகிட்டா. நான் ஏறப் போனேன், என்னை யாரோ தடுத்துட்டாக.

மறுநாள் ஃபோத்தினி என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சா. மூக்குகிட்ட காட்டுறது என்ன வாசனைன்னு கண்ணை மூடிகிட்டுச் சொல்லுன்னு எழுதிக் காட்டினா, பேச்சு வரலையே. கண்ணை மூடினேன், மூக்குகிட்ட என்னத்தையோ கொண்டு வந்தா. நான் பன்னீர்ன்னேன். இன்னொண்ணைக் காட்டினா. மல்லின்னேன். கண்ணைத் திறந்து பாத்தா ஒண்ணு வினிகரு, ஒண்ணு மண்ணெண்ணெய். அக்காக்காரி சொல்லிக் குடுத்த வேலை, வேற யாரு? எனக்கு சளி பிடிச்சிருக்குன்னேன். அவ என்னையே பாத்தா. திட்டுவான்னு நினைச்சேன். திட்டியிருந்தா தேவலாம். என் மூக்குல முத்தம் குடுத்தா தாயி. குடுத்துட்டு அழுதா. அப்புறம் ஒரு தாள்ல எழுதிக் காட்டினா. 'நீ வீட்டுக்குப் போ, பூரானா. உன்மேல எனக்குக் கோவம் இல்ல. மூக்கை டாக்டர்கிட்டக் காட்டு'ன்னு.

வந்து ஒம்பது மாசம் ஆச்சு. நீ கேட்டியே இந்தப் பாட்டு, இது போன மாசம் வந்த புதுப் பாட்டு. கேட்டியா குரலை? எப்படி வந்துச்சுங்கிற? நான் இங்க இருந்தே வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை அவ போட்டோவுக்குச் சுத்திப் போடுறேன். அதான்.

இங்கயும் நெடி வரல. மருமக புள்ளையைத் தூக்கிட்டுத் தெருவுக்கு ஓடிடுறா. அவமேலயும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பேரனுக்கு இப்ப ராத்திரியானா இளைப்பு, நெஞ்சு விசிலடிக்குது. நாலு வயசு. தங்க விக்கிரகம் மாதிரி இருப்பான், யாரு கண்ணு பட்டுச்சோ. அவனுக்கும் சேத்துத்தான் போடுறேன்.

ஏன் தாயி அப்படிப் பாக்குற?

இரு. நீ ஒண்ணும் சொல்லாத. நானே ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதது. இந்தப் பாட்டோட வந்த போட்டோவுல பாத்தேன். ஆர்கீரிஸ் திரும்பி வந்துட்டான், பக்கத்துல நிக்கிறான். அந்தத் தங்கச்சி மக கூடப் பாடுறா. ஸ்தமாத்தா இப்ப அந்த வீட்டுலயேதான் இருக்காளாம். எல்லாக் கண்ணும் திரும்ப உள்ள வந்தாச்சு. நான் ஒருத்திதான் அங்க இல்ல. குரல் மட்டும் நல்லா இருக்கு.

எத்தனையோ ராத்திரி இதைக் கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டேன். ஒவ்வொருத்தரா எல்லாரையும் வெளியேத்திட்டுப் பாத்தா, கடைசியில கதவைச் சாத்திகிட்டு யாரு நிக்கிறா?

சொல்லாதன்னு சொன்னேன்ல. உன் வாயில இருந்து அது வர வேணாம். எனக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்கு, அது வரைக்கும் உன் பக்கத்துல உக்காந்து போகணும்.

இன்னைக்கு வெள்ளிக்கெழமை. மருமக கதவைத் திறந்து வச்சுகிட்டு, புள்ளையை இடுப்புல வச்சுகிட்டு, நான் கரியைப் பத்த வைக்கிறேனான்னு பாத்துகிட்டே நிப்பா. ஒரு வாரம் போடாம இருந்து பாக்கவா? ஒரே ஒரு வாரம். அவனுக்கு இளைப்பு நிக்கலேன்னா மறுபடி போட்டுக்கலாம். நின்னுடுச்சுன்னா நான் எங்க தாயி போவேன்?